பழைய மடிக்கணினியில் 320 ஜிபியை எடுத்து 1 டிபி பொருத்திய அனுபவம்

நெல்லை டவுனில் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளில் டிடிபி கடை வைத்திருப்பவர்கள் பலரிடம், இணையத்தோடு இணைக்கப்படாத ஒரு பழைய கணினி இன்றும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கும். என் கடையில் அந்த வேலையைப் பார்ப்பது, இரண்டாம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி ரேமும் 32 பிட் விண்டோஸ் 7-உம் கொண்ட ஒரு மடிக்கணினி. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது என்பதும், அதில் நான் பயன்படுத்தும் பேஜ்மேக்கர் 7.0 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் 2001-இல் வெளிவந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், பதினாறாம் நாள் விசேஷ அட்டை என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் எல்லாம், 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியேற்றங்களிலும், அவற்றுக்கும் முந்தைய எழுத்துருக்களிலும்தான் உள்ளன. அவற்றை இன்றைய பொதுக் குறியேற்றமான யுனிகோடுக்கு மாற்றலாம். மாற்றினால் வரிகள் வேறு இடத்தில் உடையும், தாத்தா பெயர்கள் அடுத்த வரிக்கு ஓடும், பார்டருக்குள் இருந்த எழுத்து வெளியே வரும். "போன வருசம் அடிச்ச அதே நோட்டீஸ்தான், தேதிய மட்டும் மாத்திக் குடுங்க" என்று வருகிற கொடைக் கமிட்டிக்காரர்களிடம் இந்த விளக்கம் எடுபடாது.

அந்த மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. அதை வாங்கிய நேரத்தில், 2011-ஆம் ஆண்டு தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி உலகெங்கும் விலை ஏறியிருந்ததால், 500 ஜிபி கேட்டுப் போனவன் 320-உடன் திரும்பினேன். பெட்டியில் 320 என்று அச்சிட்டிருந்தாலும் விண்டோஸ் அதை 298 என்றே காட்டும். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணைக் கொண்டு வகுக்கிறது. இதே கணக்கில் 1 டிபி என்பது 931 என்று தெரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைத்துச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இடம் தீர்ந்ததற்கு எழுத்துக் கோப்புகள் காரணமல்ல. அவை சில நூறு கிலோபைட்டுகள்தான். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கும் பிளக்ஸுக்கும் ஸ்கேன் செய்த புகைப்படங்களே இடத்தை விழுங்கின. அவற்றை வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் தள்ளிவிடலாமே என்று தோன்றும். பேஜ்மேக்கர் ஒரு படத்தைப் பக்கத்தில் வைக்கும்போது அதன் முழுப் பாதையையும், டிரைவ் எழுத்து உட்பட, நினைவில் வைத்துக்கொள்கிறது. டி டிரைவில் இருந்த படத்தை வேறு டிரைவுக்கு நகர்த்திவிட்டால், பழைய கோப்பைத் திறக்கும்போது ஒவ்வொரு படமாக எங்கே என்று கேட்கும். ஆகவே, உள்ளே இருக்கும் டிஸ்க்கையே பெரியதாக மாற்றுவது என்றும், சி, டி என்ற எழுத்துகள் மாறக் கூடாது என்றும் முடிவு செய்தேன்.

வண்ணார்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் சர்வீஸ் கடைத் தம்பிக்கு இது வீண் மெனக்கெடலாகவே பட்டது. "அண்ணாச்சி, இதுக்குப் போய் ஏன் மல்லுக்கட்டுதீங்க? டேட்டாவ காப்பி எடுத்துட்டு, புது டிஸ்க்குல ஓஎஸ் போட்டுத் தாரேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். "ஓஎஸ் போட்டிருவிய தம்பி, என் ஃபாண்டையும் கீபோர்டு டிரைவரையும் எங்க போய் வாங்குவிய?" என்றேன். அவர் சொன்ன முறை பொதுவாகச் சரியானது. குப்பை சேர்ந்த விண்டோஸைப் புதிதாக நிறுவுவது நல்லதும்கூட. ஆனால் நிறுவல் குறுந்தகடு தொலைந்துபோன, தயாரித்த நிறுவனமே கடையை மூடிவிட்ட தமிழ் மென்பொருள் ஒன்று உள்ளே இருக்கிறது என்றால், இருப்பதை இருந்தபடியே பெயர்த்து வைக்கும் குளோன் முறைதான் வழி. இதிலும் ஒரு பொறி உண்டு. சில மென்பொருள்களின் உரிமம் பார்ட்டிஷனின் (டிஸ்க்கைப் பிரித்த பகுதியின்) வரிசை எண்ணோடு பிணைந்திருக்கும். அது குளோனில் அப்படியே வந்துவிடும். டிஸ்க்கில் தொழிற்சாலையே பதித்த வரிசை எண்ணோடு பிணைந்தது வராது. என்னுடையது உரிமத்துக்காகச் செருகி வைக்கும் யுஎஸ்பி டாங்கிளை நம்பியது என்பதால் அந்தக் கவலை இல்லை.

எந்த டிஸ்க்கை வாங்குவது என்பதில்தான் பலர் கொள்ளளவை மட்டும் பார்த்துக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இதுபோன்ற பழைய மடிக்கணினியில் இடம்பெறுவது 2.5 அங்குல டிஸ்க். ஆனால் அதன் தடிமன் 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் என்று வேறுபடும். 9.5 இருந்த இடத்தில் 7 போகும். 7 மட்டுமே கொள்ளும் இடத்தில் 9.5 போகாது. 4 டிபி, 5 டிபி கொண்ட 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர் தடிமன் உள்ளவை. அவை சாதாரண மடிக்கணினி எதிலும் நுழையாது. மலிவாக ஒரு யுஎஸ்பி டிஸ்க்கை வாங்கி, உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் பொருத்தலாம் என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சில தயாரிப்புகளில் யுஎஸ்பி இணைப்பே டிஸ்க்கின் சர்க்யூட் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும், கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா முனையே இருக்காது. கணினியைத் தொடக்கி வைக்கும் பழைய பயாஸும், டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையும் கொண்ட என்னுடையது போன்ற கணினியில், ஏறத்தாழ 2.2 டிபிக்கு மேல் முகவரியிட முடியாது என்ற வரம்பும் இருக்கிறது; ஆகவே 2 டிபி வரை அச்சமின்றிப் போகலாம். சாட்டா தலைமுறைகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 6 ஜிகாபிட் டிஸ்க்கை 3 ஜிகாபிட் இணைப்பில் செருகினால் வேகம் குறையுமே தவிர வேலை செய்யும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால், தொடக்க ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் இதே சாட்டா வகை என்பதால், இங்கே சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாத, சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்ற கேள்வியில் நான் 1 டிபி எஸ்எஸ்டி பக்கம் சாய்ந்ததற்கு வேகம் மட்டும் காரணமல்ல. இன்று 7 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும் 1 டிபி, 2 டிபி ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. கூரையில் ஓடு வேய்வதைப் போல ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் சற்றே ஏறி அமர்வதால், இடையில் ஒன்றைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. சிறிய கோப்புகளை எழுதும்போது இது தெரியாது. பெரிய அளவில் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். விண்டோஸ் எந்நேரமும் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் சி டிரைவுக்கு இது ஏற்றதல்ல என்பது என் கருத்து. பழைய படங்களைப் போட்டு வைக்கும் கிடங்காக மட்டுமே பயன்படுத்துவதென்றால் தாராளமாக வாங்கலாம். எஸ்எஸ்டிக்கும் குறை உண்டு: ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முனகி, திணறி, எச்சரித்த பிறகு சாகும், எஸ்எஸ்டி நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலை பயாஸிலேயே தெரியாமல் போகும். அதனால் எஸ்எஸ்டி வாங்குகிறவர் கூடவே ஒரு காப்பு டிஸ்க்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளால் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பது. புதியதென்று விற்றதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம்ப முடியாத விலையில் 16 டிபி என்று இணையக் கடைகளில் வரும் கையடக்க டிஸ்க்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: உள்ளே ஒரு சிறு மெமரி கார்டு இருக்கும், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி அதை அமைத்திருப்பார்கள், உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதும் கோப்பெல்லாம் காற்றில் போகும். முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலைக்கு ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். கல்யாண வேலை இல்லாததால், கொடை நோட்டீஸ்களை இன்னொரு கணினியில் சமாளித்துக்கொள்ளலாம். பழைய மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது என்பதால், மின்சாரம் போனால் அந்த நொடியே அணைந்துவிடும். குளோன் நடுவில் அணைவதை விடக் கெட்டது எதுவும் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று நாளிதழில் பார்த்து அந்த நாளை விலக்கினேன். அதற்கும் மேலே, யுபிஎஸ் வழியாகவே மின்சாரம் கொடுத்தேன். யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30 எம்பி அளவே நடைமுறையில் கிடைக்கும் என்பதால், 320 ஜிபிக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்பது என் கணக்கு.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் படித்தேன். அந்தப் பட்டியலில் இரண்டு வரிகள் முக்கியம்: பழுதானதால் மாற்றி அமைக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கை, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருந்தால், தைவானில் உருவான குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருளே போதும். பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் நகலெடுப்பதால் விரைவில் முடித்துவிடும். என் டிஸ்க்கில் நிலுவை வரி பூஜ்யமாக இல்லை. இந்த நிலையில் பலர் உடனே விண்டோஸின் செக்டிஸ்க் சோதனையை ஓட்டுகிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுவதும் தேய்த்து ஓட்டுவதோடு, அதிலேயே எழுதவும் செய்யும் கருவி அது. முதலில் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, சோதனைகளை நகலின் மேல் நடத்துவதே முறை.

திருகுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, அடிப்பக்க மூடியைத் திறந்தால் டிஸ்க் தெரிந்துவிடும். பழையதன் பக்கவாட்டில் இருந்த உலோகச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். அது ஆடாமல் இருக்க எஸ்எஸ்டியுடன் வரும் 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். அட்டையை மடித்துச் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். குற்றாலச் சாரல் காலத்து ஈரக்காற்றில் அட்டை உப்பும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை. திறந்த கையோடு விசிறியில் படிந்திருந்த தூசிப் படலத்தையும் பிரஷ்ஷால் எடுத்துவிட்டேன். கணினி சூடேறியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எதை உள்ளே வைப்பது, எதை யுஎஸ்பி பெட்டியில் வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிய டிஸ்க்கை வெளிப் பெட்டியில் வைத்துக் குளோன் செய்துவிட்டுப் பிறகு உள்ளே மாற்றுவதே பலர் செய்வது. சில யுஎஸ்பி பெட்டிகள் செக்டர் அளவை 512 பைட்டுக்குப் பதிலாக 4096 என்று கணினிக்குக் காட்டுகின்றன. அப்படி எழுதப்பட்ட பார்ட்டிஷன் அட்டவணை, டிஸ்க்கை நேரடியாகச் சாட்டாவில் செருகியதும் பொருளற்றதாகிவிடும். புதியதை அதன் நிரந்தர இடத்தில் பொருத்திவிட்டு, பழையதை வெளிப் பெட்டியில் வைத்தேன். பழையது நன்றாகப் படிக்கப்படுகிறதா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடலாம். படிக்கப்படாவிட்டால் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

பென்டிரைவில் ஏற்றிய சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸிலிருந்து கணினியைத் தொடங்கி, அதிலுள்ள டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்தினேன். எது மூலம், எது இலக்கு என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் வெறும் டிஸ்க்கின் வெறுமை நிறைந்த டிஸ்க்கின் மேல் படிந்துவிடும். ஆகவே இரண்டின் வரிசை எண்களையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்து, திரையில் தெரிந்ததோடு ஒப்பிட்ட பிறகே எண்டரைத் தட்டினேன். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அவற்றைச் சிறிது சிறிதாகச் சுரண்டும். எவ்வளவு முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; அந்தக் கோப்பை வேறொரு பென்டிரைவில் வைக்க வேண்டும். முடிவில், சில கிலோபைட்டுகள் தவிர மற்றவை எல்லாம் வந்து சேர்ந்தன.

அந்தச் சில கிலோபைட்டுகள் எந்தக் கோப்பைச் சேர்ந்தவை? இதற்கு டிடிரெஸ்க்யூவில் ஓர் அழகான வசதி இருக்கிறது. மீட்க முடியாத இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பும்படி சொல்லலாம். பிறகு புதிய டிஸ்க்கின் கோப்புகள் முழுவதிலும் அந்தச் சொல்லைத் தேடினால், அடிபட்டவை தாமாகவே அகப்பட்டுக்கொள்ளும். எனக்கு அகப்பட்டது என்றோ அச்சாகிப்போன ஒரு கொடை நோட்டீஸுக்கு ஸ்கேன் செய்த படம். திறந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை. எழுத்துருக் கோப்புறையில் அந்தச் சொல் இல்லை என்று கண்ட பிறகே எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து பார்ட்டிஷன். முழு டிஸ்க்கையும் குளோன் செய்தால் புதியதில் முதல் 320 ஜிபி பழையதன் அச்சாகவும், மீதி வெற்றிடமாகவும் கடைசியில் நிற்கும். என் பழைய டிஸ்க்கில் தொடக்கத்தில் 100 எம்பி அளவில் விண்டோஸ் ஒதுக்கிக்கொண்ட பகுதி, பிறகு சி, டி, கடைசியில் தயாரிப்பாளர் வைத்த ரெக்கவரி பகுதி என நான்கு பிரைமரி பார்ட்டிஷன்கள் இருந்தன. எம்பிஆர் முறையில் நான்குதான் உச்சம். வெற்றிடத்தில் ஐந்தாவதை உருவாக்கப் போனால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் இந்த டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று பணிவாகக் கேட்கும். அதற்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். வெளியே வர எளிய வழி இல்லை, பிற கருவிகள் பலவும் அந்த டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது. சி டிரைவைப் பெரிதாக்கவும் வழி இருக்காது, ஏனெனில் அதற்கு அடுத்தாற்போல வெற்றிடம் இருந்தால்தான் விண்டோஸ் நீட்டிக்கும். அங்கே டி நிற்கிறது.

டி டிரைவை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்யும் கருவிகள் உண்டு, ஆனால் நூற்றுக்கணக்கான ஜிபியை இடம் மாற்றும் அந்த வேலையை நான் தவிர்த்தேன். டி டிரைவில் இருப்பவை வெறும் கோப்புகள். அவற்றின் அசல் பழைய டிஸ்க்கில் இருக்கிறது, போதாதற்கு அவற்றை இன்னொரு காப்பு டிஸ்க்குக்கும் எடுத்துவிட்டேன். ஆகவே புதிய டிஸ்க்கில் டி-யையும் ரெக்கவரி பகுதியையும் ஜிபார்ட்டெட் கருவியால் அழித்து, சி டிரைவை 200 ஜிபிக்கு நீட்டி, மீதம் முழுவதையும் ஒரே பகுதியாக்கி, டி என்ற எழுத்தையே கொடுத்து, கோப்புகளைத் திரும்ப நகலெடுத்தேன். ரெக்கவரி பகுதியை அழிப்பதற்கு முன் அதை டிவிடிக்களில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் முறை விண்டோஸைத் தொடங்கும்போது பழைய டிஸ்க் எந்த வகையிலும் இணைந்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், இரண்டும் ஒருசேரத் தெரிந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவிடும். பயாஸில் சாட்டா எந்த முறையில் இருந்ததோ, ஐடிஇ ஆனாலும் ஏஹெச்சிஐ ஆனாலும், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்குரிய டிரைவர் அமைப்பைச் செய்யாமல் மாற்றினால் நீலத் திரைதான். கணினியோடு வந்த விண்டோஸின் உரிமம் பயாஸோடு பிணைந்தது என்பதால் டிஸ்க் மாறியதற்காக மறுபடி ஆக்டிவேஷன் கேட்கவில்லை. விண்டோஸ் 7 எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு தானாக டிஃபிராக்மென்ட் செய்வதை நிறுத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய பத்திரிகைக் கோப்புகள் சிலவற்றைத் திறந்து, படங்கள் கேள்வி கேட்காமல் வருகின்றனவா, 'ஸ்ரீ'யும் கொம்பும் சரியாக நிற்கின்றனவா, அச்சில் மாறுகிறதா என்று சரிபார்த்தேன். பேஜ்மேக்கர் திறக்கும் வேகத்தைப் பார்த்து, கடையில் கம்போஸ் செய்யும் பெண், "புதுசு வாங்கிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

காப்பு டிஸ்க்கை நான் கடையில் வைப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்தபோது, தண்ணீரில் கிடந்த கணினிகள் பல சர்வீஸ் கடைகளுக்கு வந்தன. ஹார்ட் டிஸ்க் முழுவதும் அடைக்கப்பட்ட பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சிறு துளை இருக்கும், அதை மூடாதீர்கள் என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். மூழ்கினால் அதன் வழியாக நீரும் சேறும் உள்ளே போகும். வெயிலில் காயவைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தவர்கள், மீட்பு நிபுணர்களிடம் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக் கூடியதையும் இழந்தார்கள். என் காப்பு டிஸ்க் பாளையங்கோட்டையில் மைத்துனர் வீட்டு மாடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதுப்பித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பழைய டிஸ்க்கை ஓரிரு முகூர்த்த மாதங்கள் கழியும்வரை பத்திரமாக வைத்திருந்தேன். கெட்ட செக்டர்கள் உள்ள அதைக் காப்பாகப் பயன்படுத்த முடியாது; பழைய இரும்புக்கும் போட முடியாது, ஏனெனில் நகல் எடுக்க வந்தவர்களின் ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன்கள் அதில் இருக்கின்றன. குயிக் ஃபார்மேட் கோப்புகளின் பட்டியலைத்தான் அழிக்கிறது. விண்டோஸில் உள்ள டிஸ்க்பார்ட் கருவியின் 'கிளீன் ஆல்' கட்டளை ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும். நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குக்கு அது போதும். மாற்றி அமைக்கப்பட்ட செக்டர்களை அந்தக் கட்டளையால் எட்ட முடியாது என்பதால் என்னுடையதை உடைத்தேன். 2.5 அங்குல டிஸ்க்கின் உள்தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. அடித்தால் நெளியாது, பொடிப்பொடியாகச் சிதறும். தடித்த துணியில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, குழந்தைகள் நடமாடாத இடத்தில் அடிக்க வேண்டும். பிறகு துணியைப் பிரிக்காமல் அப்படியே மின்கழிவு வாங்குகிறவரிடம், உள்ளே உடைந்த கண்ணாடி இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம்.